வெள்ளை அடித்த விரிசல்

எங்கள் வீட்டில் விரிசல் எதுவும் இல்லை என்று ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து உண்டு, முத்திரை உண்டு. அதைப் பின்னறையில் கட்டிலில் உட்கார்ந்துதான் முதலில் படித்தேன். என் தலைக்கு மேலே, ஜன்னல் மூலையிலிருந்து தரையைப் பார்த்து இறங்குகிற விரிசல், புதிதாக அடித்த வெள்ளையைப் பிளந்துகொண்டு மறுபடியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளை அப்போதே அடுப்பில் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பிளாஸ்டிக் உறை போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் குறைகிற மாதிரி தெரிந்தால் எடுத்துப் படிப்பேன்.

எங்கள் ஊர் அரியலூரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். நான் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். வீடு என் மாமியாருடையது. அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் குடும்பத்தில் அத்தைக்கு முன்னால் யாருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அத்தை நடவுக்கும் களைக்கும் போனார். வயல் வேலை இல்லாத மாதங்களில் டவுனில் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனார். அரசாங்கம் காலனியில் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தபோது, தன் வீட்டுக்குத் தானே செங்கல் சுமந்தவர். பல வருஷம் கழித்து நானும் என் வீட்டுக்காரரும் முன்பக்கம் ஒரு ஹாலும் அடுப்படியும் சேர்த்தோம். பழைய இரண்டு அறையும் பின்னால் அப்படியே நின்றன. அதில் ஜன்னல் உள்ள அறை அத்தையுடையது. விரிசல் விட்டதும் அந்த அறைதான்.

எங்கள் மண் கரிசல். மழை பெய்தால் ஊதும், வெயில் அடித்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் செருப்பு விழுந்தால் குச்சி விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தக் கரிசலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. சிமெண்ட் ஆலைக்காக அதை எடுக்க ஊரைச் சுற்றிக் குவாரி தோண்டியிருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாலு நாள் மதியம் சங்கு ஊதும். ஊதிக் கொஞ்ச நேரத்தில் வெடி. காலடியில் தரை ஒருதரம் தூக்கிப் போடும், கதவுத் தாழ்ப்பாள் ஆடும், ஓட்டு இடுக்கிலிருந்து தூசி கொட்டும்.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. சங்கு ஊதினால் பெண்கள் செய்கிற வேலையை விட்டுவிட்டு, அலமாரியில் இருக்கிற பாத்திரங்களை எல்லாம் இறக்கித் தரையில் வைப்பார்கள். வெடி போட்டு முடிந்ததும் திருப்பி ஏற்றுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் நான் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஆறே மாதத்தில் நானும் இறக்க ஆரம்பித்துவிட்டேன். இப்போது பள்ளிக்கூடத்தில் மதிய மணி அடித்தால்கூட என் கை ஒரு நொடி எதையோ பிடிக்கப் போகிறது.

எட்டாம் வகுப்புக்கு நிலநடுக்கம் பாடம் நடத்துகிறவள் நான். நம் பக்கம் ஆபத்து குறைந்த பகுதி என்று வரைபடத்தில் வண்ணம் பார்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகளும் எழுதி மார்க் வாங்குகிறார்கள். சங்கு ஊதிவிட்டு, மணி பார்த்து வருகிற நடுக்கத்துக்கு எந்த வண்ணம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் அடைமழை. மழை விட்டுத் தை பிறந்தபோது பின்னறை விரிசலில் கட்டைவிரல் நுழைந்தது. வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால் அங்கேயும் அதே கோடு. அத்தை அந்தச் சுவரோரம்தான் படுப்பார். "ஹாலுக்கு வந்து படுங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "எம் வூட்டுச் சொவரு எம்மேல வுழாது" என்றார். வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். அவருக்கும் அதே பதில்.

வேப்பந்தட்டைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவர் சாய்ந்தபோது நிமிர்த்திக் கொடுத்தவர். வந்தவுடன் சுவரைப் பார்க்கவில்லை. மண்வெட்டி கேட்டு வாங்கி, மூலையோரம் ஒரு குழி தோண்டினார். இரண்டடி போவதற்குள் அஸ்திவாரம் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே வெறும் கரிசல்.

"டீச்சர், இது வூடு இல்ல. தோசைக் கல்லு மேல வச்ச டம்ளரு" என்றார்.

பிறகு அவர் பார்வை சுவரோரம் நின்ற வாழை மரத்தின் மேல் போனது. அடுப்படித் தண்ணீர், துவைத்த தண்ணீர் எல்லாம் அந்த வாழைக்குத்தான் போகும். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்காத சிக்கனம் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொள்வோம்.

"இந்த மூலை மட்டும் வருஷம் பூரா ஊதிக் கெடக்குது. மத்த மூணு மூலையும் வெயில்ல சுருங்குது. ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் எறங்குனா சொவரு என்னா பண்ணும்? அதுக்கு மேல வெடி வேற." வாழையை வெட்டச் சொன்னார். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது காய்க்கிற வாழை.

அவர் சொன்ன வைத்தியம் இதுதான். அஸ்திவாரத்துக்கு அடியில் மூன்றடி மூன்றடியாகப் பறித்து, கரிசலைத் தாண்டிக் கெட்டியான சுக்கான் பாறை தட்டுகிறவரை இறங்கிக் கான்கிரீட் போட வேண்டும். பிறகு நாலு சுவரையும் சுற்றிக் கம்பி கட்டி ஒரு பெல்ட். ஆடினால் நாலு சுவரும் சேர்ந்து ஆடும், தனித்தனியாகப் பிரியாது. சுற்றிலும் தண்ணீர் நிற்காமல் ஓட சரிவாக ஒரு சிமெண்ட் தளம்.

"ஆனா இப்ப சொவத்துல எதையும் தொடாதீங்க. வெடியால என்னா ஆவுதுன்னு யாராச்சும் வந்து பாக்கட்டும். அவங்க செய்ய வேண்டியத நீங்க எதுக்குச் செய்யணும்?"

சித்திரை மாதம் அவரே ஐந்து கண்ணாடித் துண்டு கொண்டுவந்தார். பழைய சாமிப் படத்துக் கண்ணாடியை விரல் அகலத்துக்கு வெட்டியது. விரிசலின் குறுக்கே வைத்து இரண்டு நுனியிலும் சிமெண்ட் அப்பி ஒட்டினார். பக்கத்தில் தேதி எழுதினேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அவ்வளவுதான் விஷயம். "கண்ணாடி இழுபடாது டீச்சர். பொய்யும் சொல்லாது."

வைகாசியில் ஒன்று உடைந்தது, ஒரு வெடி நாளில், என் கண்ணெதிரிலேயே. டக்கென்று சின்னச் சத்தம். ஆடி முடிவதற்குள் நாலு உடைந்துவிட்டது. ஒவ்வொன்றையும் போனில் போட்டோ எடுத்து, உடைந்த தேதியைச் சுவரிலேயே எழுதி, மனுவும் எழுதினேன். வீட்டுக்காரர் அந்தக் குவாரிக்குத்தான் டிப்பர் ஓட்டுகிறார். "நான் ஏத்துற கல்லு மேலயே நீ மனு குடுக்குற" என்றார். "நீங்க கல்ல ஏத்துங்க, நான் மனுவ ஏத்துறேன்" என்றேன். நாலு ஆபீஸ் ஏறி இறங்கினேன். ஒரு ஆபீஸில் மனுவை வாங்கவே மதியச் சாப்பாடு முடியும்வரை நிற்க வைத்தார்கள். கடைசியில் ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. இன்ன தேதி காலையில் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார்.

அந்தத் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தேன். சுண்ணாம்பு வாடை. பின்னறைக்குப் போனேன். விரிசலைக் காணோம்.

கண்ணாடித் துண்டு ஒன்றுகூட இல்லை. நான் எழுதிய தேதிகள் இல்லை. சுவர் பிறந்த குழந்தையின் நெற்றி மாதிரி வழவழவென்று இருந்தது. வெளிப்பக்கமும் அப்படியே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள். அத்தை ஒரே பகலில் சிமெண்ட் குழைத்து, அப்பி, தேய்த்து, ஈரம் இழுத்ததும் வெள்ளையும் அடித்து, மிச்சத்தை வாசல் சுவருக்கும் இழுத்து முடித்திருந்தார். பூச்சில் ஒரு மேடு பள்ளம் கிடையாது. எத்தனை வருஷம் கொத்தனார்களுக்குச் சட்டி எடுத்துக் கொடுத்த கை! கரண்டி பிடிக்க ஒருத்தரும் அவரை விட்டதில்லை, பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்.

"அத்தே! என்னா காரியம் பண்ணி வச்சிருக்கீங்க!" நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஒடைஞ்ச கண்ணாடி வூட்டுல இருக்கலாமா? எத்தன நாளைக்குப் பொறுத்துக்கறது? அதுவும் ஆப்பீசரு வர்ற அன்னிக்கி."

"அவரு அதப் பாக்கத்தான் வர்றாரு!"

அத்தை என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "ஏம்மா, இந்தத் தெருவுக்குள்ள எந்த ஆப்பீசரு வூட்டுக்குள்ள வந்திருக்கான்? ரேசன் கார்டுக்கு வந்தவன், ஓட்டுக்கு வந்தவன், எல்லாம் ரோட்டுல நின்னு கூப்புட்டுட்டுப் போனவன்தான். மொதத் தடவையா ஒருத்தரு உள்ள வரப்போறாரு. கிழிஞ்ச சொவத்தக் காட்டச் சொல்றியா?"

நான் கடப்பாரையைத் தேடினேன். அத்தை சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். "அவரு வந்துட்டுப் போவட்டும். அப்புறம் நானே கொத்தித் தரேன்."

நான் விட்டுவிட்டேன். இதை எழுதும்போது என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது. அதிகாரி உள்ளே வந்ததும் பூச்சைத் தட்டிக் காட்டலாம், உள்ளே பொக்கையாகச் சத்தம் கேட்கும், போட்டோவையும் காட்டலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் நிஜம் வேறு. அன்றைக்கு என் கைப்பையிலேயே பெரம்பலூரில் வாங்கிய புது ஜன்னல் ஸ்கிரீன் துணி ஒன்று இருந்தது. அதிகாரி வருகிறார் என்று நானும்தான் வாங்கியிருந்தேன். அதை வைத்துக்கொண்டு அத்தையிடம் எந்த வாயால் சண்டை போடுவது?

காலையில் அத்தை வாசல் தெளித்துப் பெரிய கோலம் போட்டார். ஹாலில் புது நாற்காலி, புது டம்ளர். பால் வாங்கி டீ போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கினார். என்னைவிட வயது குறைந்தவர்தான். கோலத்தைச் சுற்றிக்கொண்டு வந்து வாசல்படிக்குக் கீழே நின்றார். ஷூவைக் கழற்றவில்லை.

"உள்ள வாங்க சார். பின்னாடி ரூம்லதான்" என்றேன்.

"பரவால்ல மேடம். இங்கேருந்தே தெரியுதே. பெயிண்ட் எல்லாம் அடிச்சு நல்லாத்தானே வச்சிருக்கீங்க."

"அது நேத்து அடிச்சது சார். உள்ள வந்து தட்டிப் பாருங்க. கண்ணாடி ஒட்டி நாலு தடவ ஒடைஞ்சிருக்கு." போனை நீட்டினேன். அவர் போனைக் கையில் வாங்கவில்லை, எட்டிப் பார்த்தார்.

"போட்டோவுல இருக்கறது எந்த வீட்டுச் சுவருன்னு எப்படி மேடம் சொல்றது?"

"வெளியில சுத்தி வந்தாவது பாருங்க சார்." அவர் ஓரத்தில் சேறு கிடந்த சந்தைப் பார்த்தார். தன் ஷூவைப் பார்த்தார். நாலடி நடந்து, வாழை மரம் கண்ணில் பட்டதும் நின்றுவிட்டார்.

"இதான் காரணம். சுவரோரம் தண்ணி விடறீங்க. நம்ம ஏரியா நிலநடுக்க ஆபத்து கம்மியான ஏரியா மேடம். நீங்க டீச்சர்தானே, உங்களுக்குத் தெரியாததா?"

வாழை ஒரு காரணம்தான், நான் மறுக்கவில்லை. கரிசலும் காரணம்தான். இரண்டையும் எங்கள் கொத்தனார் குழி தோண்டிப் பார்த்துச் சொன்னார். இவர் வாசலில் நின்றுகொண்டு அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது காரணத்துக்குச் சங்கு உண்டு, அது ஊர் முழுக்கக் கேட்கும். அவர் வந்தது வெடி இல்லாத நாள். ஒருவேளை அதுவும் பார்த்துத்தான் வைத்தார்களோ என்னவோ.

அத்தை தட்டில் டீயோடு வந்தார். "இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். அத்தை தட்டைப் பிடித்தபடி கோலத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஜீப் திருப்பத்தில் மறைந்த பிறகும் நின்றார். எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து அந்த நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும் போல் இருந்தது. விரிசலைக்கூடப் பார்க்க வேண்டாம், அந்த டீயைக் குடித்தால் போதும்.

புரட்டாசியில் தாள் வந்தது. வீடு நல்ல நிலையில் உள்ளது, அண்மையில் வர்ணம் பூசிப் பராமரிக்கப்பட்டுள்ளது, விரிசல் காணப்படவில்லை, சுவரோரம் கழிவுநீர் விடுவதைத் தவிர்க்கவும். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சிவிட்டு, மேலே அறிவுரையும் தடவியிருந்தார்கள்.

ஐப்பசி மழைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. கொத்தனாருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். "கம்பி எறக்கி வைங்க டீச்சர், வந்துடறேன்" என்றார். வீட்டுக்காரர் சிமெண்ட் மூட்டைகளைத் தோளில் சுமந்து கொண்டுவந்து இறக்கினார். ஒரு மூட்டையை எட்டி உதைத்தேன். எங்கள் ஊர்த் தரையை வெடி வைத்துப் பெயர்த்து, அரைத்து, மூட்டை கட்டி, அந்த வெடியில் விழுந்த விரிசலை அடைக்க எங்களுக்கே விற்கிறார்கள். கேட்க நாதி இல்லை.

வேலை தொடங்குகிற அன்று காலையில் எழுந்து பார்த்தால் வாழையைக் காணோம். அத்தை விடியலிலேயே அரிவாளால் வெட்டிச் சாய்த்து, கிழங்கையும் தோண்டி எடுத்திருந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், குழியிலிருந்து மண் வாங்க நின்றுவிட்டார்.

கொத்தனார் ஒரே நீளமாகப் பறிக்கவில்லை. மூன்றடி பறித்தால் அடுத்த ஆறடியைத் தொடமாட்டார். பறித்த இடத்தில் கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகுதான் பக்கத்தில் கை வைப்பார். "எல்லாப் பல்லையும் ஒரே நாள்ல புடுங்குனா எதால மெல்றது?" என்று கேட்பார். ஐந்தடிக்குக் கீழே வெளுப்பாகச் சுக்கான் தட்டியது. மண்வெட்டி பட்டு டங் என்றபோது அன்றைக்கு முதல்முதலாக அத்தை முகம் மலர்ந்தது.

மூன்றாவது குழி திறந்து கிடந்தபோது சங்கு ஊதியது. ஜன்னல் மூலைக்கு அடியில் மண்ணே இல்லை, இரண்டு மர முட்டுகள் மட்டும். "ஏறுங்க, ஏறுங்க" என்று கொத்தனார் கத்தினார். தெரு முழுக்கப் பாத்திரம் இறக்குகிற சத்தம். அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். இந்த வீடு போனால் அவருக்கு வேறு எதுவும் இல்லை.

வெடித்தது. தரை தூக்கிப் போட்டது. வீட்டுக்குப் பின்னாலிருந்து பொத்தென்று ஏதோ விழுந்த சத்தம்.

சுற்றிக்கொண்டு ஓடினோம். முட்டு நின்றது, மூலை நின்றது. விழுந்தது அத்தை பூசிய பூச்சு. ஜன்னலிலிருந்து கீழ்வரை அப்படியே பெயர்ந்து குழிக்குள் கிடந்தது, வெள்ளையோடு. சுவரில் பழைய விரிசல் வாயைப் பிளந்துகொண்டு தெரிந்தது.

அத்தை குனிந்து ஒரு சில்லை எடுத்தார். பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் பூசியிருந்தேன்" என்றார். யாரையும் பார்க்காமல், "உள்ள வருவான்னு நெனச்சேம்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் வந்த அழுகை இல்லை அது. கொத்தனார் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மறுபடி குழிக்குள் இறங்கினார்.

மழை பிடிப்பதற்கு இரண்டு நாள் முன்பு பின்பக்க அறை இரண்டுக்கும் கம்பி கட்டிப் பெல்ட் போட்டு முடித்தோம். அந்த மழைக்கும் அடுத்து வந்த வெடிகளுக்கும் பின்பக்கம் அசையவில்லை. முன்பக்கம் வேலை செய்ய எங்களால் முடியவில்லை. இந்த வருஷம் கோடையில் வாசல் நிலைக்கு மேலே மயிரிழை மாதிரி ஒரு கோடு கிளம்பியது. நான் மறுபடி மனு எழுதினேன். அந்தத் தாளையும் நகல் எடுத்து இணைத்தேன். இந்த வாரம் கடிதம் வந்திருக்கிறது. ஆய்வுக்கு வருகிறார்களாம்.

கடிதத்தைப் படித்துக் காட்டியதும் அத்தை கொத்தனாருக்குப் போன் போடச் சொன்னார். நேற்று அவர் வந்தார். பழைய படம் ஒன்றைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடியை வெட்டச் சொல்லி அத்தையே எடுத்துக் கொடுத்தார். உள்பக்கம் ஒட்டப் போனவரை நிறுத்தினார்.

"உள்ள எதுக்கு? வாசல்ல ஒட்டு. படிக்குக் கீழ ஷூவோட நிக்கறவன் கண்ணுக்கு நேரா ஒட்டு."

கொத்தனார் கீழே இறங்கி, அதிகாரி நின்ற இடத்தில் நின்று, உயரம் பார்த்துக்கொண்டு ஒட்டினார். பக்கத்தில் நான் தேதி எழுதினேன்.

இன்று மதியம் சங்கு ஊதியது. நான் லீவு போட்டு வீட்டில்தான் இருந்தேன். பாத்திரங்களை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்தேன். அத்தை எனக்கு முன்பே வந்து கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார்.

"ஒடஞ்சா எடுத்துடாதீங்க அத்தே" என்றேன்.

"ஒடையட்டும்" என்றார். "டீயும் போட மாட்டேன்."